கிறிஸ்துமஸுக்கு முன் கடனைக் குறைப்பது எப்படி? 35,000 ரூபாய் வருமானத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

வாசலில் ஸ்டார் கட்ட இன்னும் நாள் இருக்கிறது. ஆனால், போனில் மெசேஜ் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் ‘பண்டிகை ஆஃபர், இன்று வாங்குங்கள், ஜனவரியில் கட்டுங்கள்’ என்று ஒரு மெசேஜ். இன்னொரு பக்கம் ‘உங்கள் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட கடைசி தேதி நெருங்குகிறது’ என்று அதே வங்கியில் இருந்து இன்னொரு மெசேஜ்.

பிள்ளைகளுக்குப் புது டிரெஸ் எடுக்கணும். கேக், பலகாரம் வேணும். கேரல் ரவுண்ட்ஸ் வீட்டுக்கு வரும்போது கவரில் ஏதாவது வைத்துக் கொடுக்கணும். இதற்கு நடுவில் நகைக் கடன் வட்டி, குழுக் கடன் தவணை, போன் ஈஎம்ஐ. ‘பண்டிகை முடியட்டும், கடனை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பண்டிகையையும் விடாமல், கடனையும் குறைக்க வழி இருக்கிறதா? ஒரு வீட்டுக் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம், வாங்க.

முதலில் காலண்டரைப் பாருங்க

பலரும் தவறவிடுகிற விஷயம் இது. செப்டம்பர் மாசக் கடைசியில் இருந்து எண்ணினால் கிறிஸ்துமஸுக்கு மூன்று மாசம் இருப்பதுபோல் தோன்றும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று விரல் விட்டு எண்ணுவோம். ஆனால், டிசம்பர் மாசச் சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். கிறிஸ்துமஸ் 25-ம் தேதியே வந்துவிடும்.

அப்படியென்றால் பண்டிகைக்கு முன் கைக்கு வருவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் கடைசி, நவம்பர் கடைசி என மூன்று சம்பளம்தான். நவம்பர் சம்பளத்தில்தான் டிசம்பர் மாசம் முழுக்க ஓடணும், பண்டிகையும் கொண்டாடணும்.

சில நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தைப் பண்டிகைக்கு முன்பே கொடுத்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், 22-ம் தேதி வாங்கிய சம்பளத்தை ஜனவரி 31 வரை இழுக்க வேண்டும். அதாவது, ஒரு மாசச் சம்பளத்தில் 40 நாள். ஜனவரி 10-ம் தேதி வாக்கில் பல வீடுகளில் கைமாற்று தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். அட்வான்ஸ் வந்தால் அதைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

ஒரு வீடு, ஒரு கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் தூத்துக்குடி. கணவர் தனியார் நிறுவனத்தில் ஷிஃப்ட் வேலை, கைக்கு வருவது 27,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தையல் வேலை, சராசரியாக 8,000 ரூபாய். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா என வீட்டில் ஐந்து பேர். மொத்த வருமானம் 35,000 ரூபாய்.

மாதச் செலவு இப்படி:

- வாடகை: 7,000
- அரிசி, மளிகை, பால், காய்கறி, மீன், சிலிண்டர்: 10,500
- பள்ளி, வேன், டியூஷன்: 3,500
- கரண்ட், ரீசார்ஜ், கேபிள்: 1,500
- பெட்ரோல், பஸ்: 2,000
- அம்மாவுக்கு மருந்து: 1,000
- காணிக்கை, மொய்: 1,000
- இதர செலவு: 1,500

மொத்தம் 28,000 ரூபாய்.

இனி கடன் பட்டியல்:

- கிரெடிட் கார்டு பாக்கி 40,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம். மினிமம் தொகையாகக் கட்டுவது 2,000
- நகைக் கடன் 60,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம். மாதக் கணக்கில் வட்டி 600. பிப்ரவரியில் கெடு
- மகளிர் சுய உதவிக் குழுக் கடன்: மாதத் தவணை 2,000
- போன் ஈஎம்ஐ: 1,500. டிசம்பர் தவணையோடு முடிகிறது
- மச்சானிடம் வாங்கிய கைமாற்று 10,000 ரூபாய். வட்டி கிடையாது. ‘கிறிஸ்துமஸுக்குள்ள தந்துடுறேன்’ என்று வாக்கு

மாதம் கட்டியே ஆக வேண்டியது 6,100 ரூபாய். வீட்டுச் செலவு 28,000-ஐயும் சேர்த்தால் 34,100. மிச்சம் 900 ரூபாய். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலோ, பைக் டயர் மாற்றினாலோ அதுவும் போய்விடும். அப்புறம் மறுபடியும் கார்டுதான்.

உங்க வீட்டுத் தொகை கூடலாம், குறையலாம். பண்டிகை தீபாவளியாகவோ, பொங்கலாகவோ, ரம்ஜானாகவோ இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

எல்லாக் கடனும் ஒரே பக்கத்தில்

முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுவது. யாருக்கு, எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு, எந்தத் தேதி, கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்று ஐந்து பத்தி போதும்.

இதில் பலரும் விட்டுவிடுவது மூன்று. மளிகைக் கடைப் பற்று, ஆன்லைன் ஆப்களில் ‘அடுத்த மாதம் கட்டலாம்’ என்று வாங்கிய சில்லறைப் பொருட்கள், வீட்டில் இன்னொருவருக்குத் தெரியாமல் வாங்கிய கடன்.

மூன்றாவதுதான் சிக்கல். கணவருக்குத் தெரியாமல் வளையல் அடகுக்குப் போயிருக்கும். மனைவிக்குத் தெரியாமல் ஆபீஸ் நண்பரிடம் பத்தாயிரம் வாங்கியிருப்பார். பட்டியலில் அது வரவில்லை என்றால் மீதிக் கணக்கு எல்லாமே தப்பாகிவிடும். யார் தப்பு என்று பேசாமல், தொகையை மட்டும் எழுதுங்க. சண்டை போட்டு ஒரு கடனும் குறைந்ததில்லை.

உங்க பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்று சரிபார்க்கவும் வழி உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் வாங்காத கடன் உங்க பெயரில் இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

‘மினிமம் கட்டினா போதும்’ என்பதில் என்ன சிக்கல்?

நம் மாதிரி வீட்டில் கார்டு பாக்கி 40,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,652.

இவர்கள் கட்டுவது 2,000 ரூபாய். அப்படியென்றால் அசலில் கழிவது வெறும் 348 ரூபாய்!

இதே வேகத்தில் ஒரு வருஷம் முழுக்க மாதம் 2,000 கட்டினால், மொத்தம் 24,000 கட்டியிருப்பார்கள். புதிதாக ஒரு ரூபாய்கூட கார்டில் தேய்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாக்கி சுமார் 34,700 ரூபாய் நிற்கும். கட்டிய 24,000-ல் ஏறத்தாழ 18,700 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போயிருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கார்டு வாங்கும்போது ‘45 நாள் வட்டி இல்லை’ என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை, முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான். பாக்கி வைத்திருந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பாக்கி இருக்கும் கார்டில் கிறிஸ்துமஸ் துணி எடுத்தால், கடையில் கிடைத்த 10 சதவீதத் தள்ளுபடியை மூன்றே மாச வட்டி விழுங்கிவிடும்.

ஆகவே, கார்டை முதலில் பர்ஸில் இருந்து எடுங்க. ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்க. இது செய்யாமல் மற்றது எது செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை தவறாமல் போக வேண்டும். அதற்கு மேல் கையில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும், வட்டி அதிகம் உள்ள கடனுக்குப் போகட்டும். நம் வீட்டில் அது கார்டு. ஆண்டுக் கணக்கில் 42 சதவீதம். நகைக் கடன் 12 சதவீதம்தான்.

‘சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பா இருக்குமே’ என்பார்கள் சிலர். தப்பில்லை. இரண்டு கடனுக்கும் வட்டி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், சின்னதை முடித்து எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால், 42-க்கும் 12-க்கும் நடுவில் யோசிக்கவே வேண்டாம்.

சரி, மச்சானின் கைமாற்று? கணக்குப்படி பார்த்தால் வட்டியே இல்லாத கடன், கடைசியாகக் கொடுக்கலாம். ஆனால், கிறிஸ்துமஸ் அன்று அவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வருவார். பேச்சு இருக்காது, முகம்தான் பேசும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கு, அவருக்கும் பண்டிகை இருக்கு. வட்டி இல்லாத கடனுக்கு விலை வேறு மாதிரி.

இதற்கு ஒரு நடுவழி, பண்டிகைக்கு முன் பாதியைக் கொடுப்பது. மீதி எந்த மாசம் என்று தெளிவாகச் சொல்வது. அவர் கேட்பதற்கு முன்பே நாமே போய்ச் சொல்வது. ‘மச்சான், அஞ்சு இப்ப வச்சுக்கோங்க, மீதி அஞ்சு மே மாசத்துக்குள்ள’ என்று சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். டிசம்பர் முழுக்க போன் எடுக்காமல் ஒளிந்து திரிவதைவிட இது மேல்.

செலவில் எங்கே பிடிக்கலாம்?

வாடகை, பள்ளி, மருந்து, பால் இவற்றில் கை வைக்க வேண்டாம். அம்மாவின் பிரஷர் மாத்திரையை நாள் விட்டு நாள் ஆக்கி மிச்சம் பிடித்தால், அது ஒரே ஆஸ்பத்திரி பில்லில் திரும்பப் போய்விடும்.

நம் வீட்டில் பிடிக்க முடிந்தது இவ்வளவு:

- மளிகை, சமையல் செலவில் 1,000. பட்டியல் எழுதி மாசம் ஒரே முறை வாங்குவது, வெளியில் வாங்கும் பரோட்டா, பிரியாணியை மாசத்துக்கு ஒரு நாளாகக் குறைப்பது
- இதர செலவில் 800
- பெட்ரோலில் 500
- ரீசார்ஜ், கேபிளில் 300. பார்க்காத ஓடிடி சந்தாவுக்கு ஆட்டோ பே ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று யுபிஐ ஆப்பில் பாருங்க. பல வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்

மொத்தம் 2,600. ஏற்கெனவே மிஞ்சிய 900-ஐயும் சேர்த்தால் மாதம் 3,500 ரூபாய். மூன்று சம்பளத்தில் 10,500.

தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒரு முறை வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பில் வராத மாசத்தில் ‘கொஞ்சம் மிச்சம் இருக்கே’ என்று தோன்றும். அது மிச்சம் இல்லை, அடுத்த மாசப் பில்லில் பாதி. அதைத் தனியாக எடுத்து வையுங்க.

யுபிஐ வந்த பிறகு இன்னொரு சிக்கல். கையில் இருந்து நோட்டு போவது கண்ணுக்குத் தெரியும். ஸ்கேன் பண்ணுவது தெரியாது. டீக்கு 15, பலகாரத்துக்கு 40 என்று மாசக் கடைசியில் ஸ்டேட்மென்ட் மூன்று பக்கம் நீளும். அன்றாடச் செலவுக்கு வாரம் ஒரு தொகையை ஏடிஎம்மில் எடுத்து, கவரில் போட்டு, அந்தக் கவர் தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான் என்று வையுங்க. அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் நம் பாட்டிகள் பணம் வைத்தது இதே கணக்கில்தான்.

போனஸ் வந்ததும் என்ன செய்யணும்?

சட்டப்படி, தகுதியுள்ள தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதமும், அதிகபட்சம் 20 சதவீதமும் போனஸ் தர வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் இது தீபாவளியை ஒட்டியே வந்துவிடும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகளுக்கு இதில் ஒரு சோதனை. பணம் வருவது முதலில், பண்டிகை பின்னால். நடுவில் இருக்கும் வாரங்களில் போனஸ் எங்கே போனது என்றே தெரியாமல் கரைந்துவிடும்.

நம் வீட்டுக்கு 12,000 ரூபாய் போனஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த அன்றே 10,000 ரூபாயை கார்டில் கட்டுகிறார்கள். 2,000 ரூபாயை அவசரத் தேவைக்கு ஒதுக்குகிறார்கள்.

அந்த 10,000 என்ன வேலை செய்யும் தெரியுமா? மாத வட்டி 1,652-ல் இருந்து 1,239 ஆக இறங்கும். மேலே சொன்ன அதே ஒரு வருஷக் கணக்கில், கடைசியில் 34,700 ரூபாய் பாக்கி நின்ற இடத்தில் சுமார் 18,500 மட்டுமே நிற்கும். கட்டியது 10,000, குறைந்தது 16,000-க்கும் மேல்.

‘கடன் இருக்கும்போது எதுக்கு 2,000-ஐத் தனியா வைக்கணும்?’ என்று கேட்கலாம். திடீர்ச் செலவு வந்தால் மறுபடியும் கார்டை எடுக்காமல் இருக்கத்தான்.

கிறிஸ்துமஸ் பட்ஜெட்: தொகையை முதலில் முடிவு பண்ணுங்க

கடைக்குப் போய்விட்டுத் தொகையை முடிவு பண்ணாமல், தொகையை முடிவு பண்ணிவிட்டுக் கடைக்குப் போங்க. மாசாமாசம் மிச்சம் பிடித்த 10,500 இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் தையல் ஆர்டர் கூடுவதால் மனைவிக்குக் கூடுதலாக 4,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14,500. இதில் மச்சானுக்கு 5,000. அவசரத் தேவைக்கு மேலும் 500. பண்டிகைக்கு 9,000.

- துணி: 4,000. பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் முதலில். துணியாக எடுத்து வீட்டிலேயே தைத்தால் கூலி மிச்சம்
- கேக், மக்ரூன், முறுக்கு, அதிரசம்: 1,800
- கிறிஸ்துமஸ் அன்று கறிச் சாப்பாடு: 1,500
- ஸ்டார், சீரியல் லைட், குடில்: 500. போன வருஷ ஸ்டாரைப் பரணில் இருந்து இறக்கிப் பாருங்க, பல்பு மாற்றினாலே போதும்
- காணிக்கை, கேரல் குழுவுக்கு, பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசு: 1,200

பலகாரத்தை அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து செய்தால் எண்ணெய், கேஸ், கூலி எல்லாமே பிரியும். ஒரே வீட்டில் அடுப்பு, எல்லா வீட்டுக்கும் முறுக்கு. முன்பெல்லாம் இப்படித்தானே நடந்தது?

துணியை டிசம்பர் 20-க்கு மேல் எடுக்கப் போகாதீங்க. கூட்டத்தில் அவசரமாக எடுக்கும்போது விலையைப் பார்க்க மாட்டோம். நவம்பர் சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். ‘நம்மகிட்ட காசு இல்ல’ என்பது ஒரு மாதிரி. ‘இந்த வருஷம் டிரெஸ்ஸுக்கு ஆளுக்கு இவ்வளவு, நீயே பார்த்து எடு’ என்பது வேறு மாதிரி. பத்து வயசுப் பிள்ளைக்கு இரண்டாவது நன்றாகவே புரியும்.

நகைக் கடன்: பிப்ரவரியை இப்பவே யோசிங்க

நகைக் கடனில் பலர் சிக்குவது கெடு தேதியில்தான். வட்டியை மாசாமாசம் கட்டாமல் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், 60,000 ரூபாய்க்கு ஒரு வருஷ வட்டி 7,200 சேர்ந்து நிற்கும். இப்படிப்பட்ட கடனைப் புதுப்பிக்க வேண்டும் என்றால், சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். அதனால்தான் நம் கணக்கில் மாதம் 600 ரூபாயைத் தனியாக எழுதியிருக்கிறோம். கட்ட முடிந்தால் கட்டுங்க, இல்லையென்றால் தனியாக எடுத்து வையுங்க.

நகைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கிடைக்கலாம். 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்
- கடனை முழுசாக அடைத்தால், அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு
- ஏலம் விடுவதற்கு முன் கடன் வாங்கியவருக்கு நோட்டீஸ் தர வேண்டும். ஏலத்தில் பாக்கியைவிட அதிகம் வந்தால் மீதியைத் திருப்பித் தர வேண்டும்

‘நகையை வைத்து கார்டை அடைக்கலாமா?’ என்ற கேள்வி வரும். 30,000 ரூபாய்க்கு 12 சதவீத நகைக் கடனில் மாத வட்டி 300. கார்டில் 1,239. கணக்கு லாபம்தான். ஆனால், அடைத்த கார்டை மறுபடியும் தேய்த்தால் கார்டு பாக்கியும் இருக்கும், நகையும் உள்ளே இருக்கும். கார்டை மூடிவிட முடியும், நகையை மீட்கத் தேதி இருக்கு என்றால் மட்டும் இதை யோசிங்க.

கார்டு பாக்கியை ஈஎம்ஐ-யாக மாற்றுவது இன்னொரு வழி. 30,000 ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 12 மாத ஈஎம்ஐ ஆக்கினால் மாதம் சுமார் 2,750. மொத்த வட்டி சுமார் 3,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி, செயல்முறைக் கட்டணம் இருக்கும். மினிமம் கட்டிக்கொண்டே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். எல்லா வங்கியும் எல்லாத் தொகையையும் மாற்றித் தராது, கேட்டுப் பாருங்க. மாத்தவணை கூடுவதால், போன் ஈஎம்ஐ முடிந்த பிறகு ஜனவரியில் மாற்றிக்கொள்வது பலருக்குச் சுலபமாக இருக்கும்.

இந்த மூன்று கடனையும் தொடாதீங்க

டிசம்பர் வந்தால் கடன் தருபவர்களும் தேடி வருவார்கள்.

தண்டல்: ‘பத்தாயிரம் கடன், தினம் 100 ரூபாய், 100 நாள்’ என்பார்கள். கையில் தருவது 9,000. வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால், முதல் நாளில் இருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 75 சதவீதத்துக்கும் மேல். மீட்டர் வட்டி, மணி நேர வட்டி எல்லாம் இதைவிடக் கொடுமை.

லோன் ஆப்: ஐந்தே நிமிஷத்தில் பணம் வரும். கூடவே உங்க போனில் இருக்கும் எண்களையும் போட்டோக்களையும் எடுத்துக்கொள்ளும் போலி ஆப்களும் இருக்கின்றன. எந்த ஆப்பாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்று பாருங்க. மொத்தச் செலவையும் சொல்லும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டியது விதி. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலும் இருக்கிறது.

நோ காஸ்ட் ஈஎம்ஐ: வட்டி இல்லை என்பார்கள். பல நேரம் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதில் கிடைக்காது, செயல்முறைக் கட்டணம் தனியாக வரும். முக்கியமாக, ஜனவரி மாச பட்ஜெட்டில் இன்னொரு வரி கூடும்.

ஒரு மாசம் கட்ட முடியவில்லை என்றால்?

கடைசி தேதிக்கு முன்பே வங்கியிடம் பேசுங்க. தேதி தள்ளிவைக்கவோ, தவணையை மாற்றவோ எழுத்தில் கேளுங்க. கிரெடிட் கார்டு என்றால், கடைசி தேதி முடிந்து 3 நாள் தாண்டிய பிறகுதான் தாமதக் கட்டணம் போட முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

வசூலுக்கு வருபவர்களுக்கும் விதி உண்டு:

- காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. நுண்கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான்
- மிரட்டுவது, அசிங்கமாகப் பேசுவது, உறவினர், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன் அவமானப்படுத்துவது கூடாது
- அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்க, தமிழ்நாட்டில் 2003-ல் இருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. போலீஸில் புகார் தரலாம்

வங்கி, நிதி நிறுவனம் மீது புகார் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. போலி லோன் ஆப் மோசடிக்கு 1930.

கடன் நெருக்கடியில் மனசு உடைந்துபோனால் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கடனுக்குத் தவணை கேட்கலாம், உயிருக்குக் கேட்க முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று கணக்கு எப்படி இருக்கும்?

நம் மாதிரி வீட்டுக்குத் திரும்புவோம். மூன்று மினிமம் தவணை, போனஸில் இருந்து 10,000. கிறிஸ்துமஸ் அன்று கார்டு பாக்கி 40,000-ல் இருந்து சுமார் 28,500-க்கு வந்திருக்கும். மச்சானுக்குப் பாதி போயிருக்கும். அவசரத்துக்கு 2,500 ரூபாய் இருக்கும். பண்டிகைக்கென்று புதுக் கடன் ஒரு ரூபாய்கூட இருக்காது.

கடன் முழுசாகத் தீரவில்லையே என்று தோன்றலாம். உண்மைதான். மூன்று சம்பளத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆனால், போன் ஈஎம்ஐ முடிந்த 1,500, மாசாமாசம் பிடிக்கும் 3,500, வழக்கமான 2,000 என்று ஜனவரிச் சம்பளத்தில் இருந்து மாதம் 7,000 ரூபாய் கார்டுக்குப் போனால், வேறு பெரிய செலவு வராத பட்சத்தில் ஏப்ரல் கடைசியில் கார்டு முடிந்துவிடும். மே கடைசிக்குள் மச்சானின் மீதி ஐயாயிரமும் கொடுத்துவிடலாம். ஜூனில் பள்ளி திறந்து ஃபீஸ் கட்ட நிற்கும்போது, அந்த வீட்டில் மாசம் 7,000 ரூபாய்க்குக் கடன்காரர் இருக்க மாட்டார். அதற்குப் பிறகு அந்தப் பணத்தை வைத்து நகையை மீட்க ஆரம்பிக்கலாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, அந்தக் கடன் பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதி முடிங்க. நாளைக்கு ஷாப்பிங் ஆப்பில் இருந்து மெசேஜ் வரும்போது, அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க.